வேகாத பயறு: குறை அடுப்பிலா, களத்திலா?

நேரடி விற்பனைக்குப் போகும் இயற்கை உழவர்கள் ஒரு தடவையாவது இதைக் கேட்டிருப்பீர்கள். "உங்க காராமணி பார்க்க நல்லாத்தான் இருக்கு. எத்தனை விசில் விட்டாலும் வேகவே மாட்டேங்குதே!" இன்னொருவர், "பத்தே நாள்ல வண்டு வந்துடுச்சு" என்பார். மருந்து போடாத பயறு அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். வாங்கியவரோ அடுத்த மாதம் கடைப் பயறுக்குத் திரும்பிவிடுகிறார்.

நம் வீட்டிலும் இதே கதைதான். வேகாத பயறு சட்டியில் கிடந்தால், "அடுப்பு சரியில்ல, கைப்பக்குவம் போதல" என்று சமைத்தவர் மேல் பழி விழும். உண்மையில் பயறு வேகுமா வேகாதா என்பது பெரும்பாலும் அடுப்பேற்றுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. எப்படிக் காயவைத்தோம், எங்கே வைத்தோம், எந்தத் தண்ணீரில் ஊறவைத்தோம் என்ற மூன்றும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. நம் வீட்டுப் பெரியவர்கள் கடைப்பிடித்த வழக்கங்களில் இந்த மூன்றுக்கும் வழி இருக்கிறது. அவற்றைக் காரணத்தோடு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உத்திரமேரூர்ப் பக்கத்துப் பயறு

உத்திரமேரூர் வட்டாரம் ஏரிப்பாசன நெல்லுக்குப் பேர்போனது. மேட்டு நிலத்தில் வேர்க்கடலை போடுகிறோம். பயறு தனிப்பயிராக மட்டும் வருவதில்லை. வேர்க்கடலைக்கு நடுவே துவரையும் காராமணியும், வரப்பிலும் வேலி ஓரத்திலும் மொச்சையும் அவரையும், மழை ஓய்ந்த மேட்டில் கொள்ளும், நெல் அறுத்த ஈரத்தில் உளுந்தும் பச்சைப்பயறும் என்று சந்து பொந்தெல்லாம் நுழைந்து வருவது பயறு. தனிக் கணக்கில் வராததால், அறுவடைக்குப் பிறகும் அதைத் தனியாகக் கவனிப்பதில்லை.

சாப்பாட்டில் அதற்கு எப்போதும் இடம் உண்டு. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது மொச்சைக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பு. பொங்கலன்று பூசணி, கிழங்கு, அவரையோடு மொச்சை சேர்ந்த குழம்பு. கேழ்வரகுக் களிக்குக் காராமணிக் குழம்பு. மழைக்காலத்தில் கொள்ளு ரசம். இது நேற்று வந்த பழக்கம் இல்லை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், முல்லை நிலத்து மக்கள் வரகுச் சோற்றோடு அவரைப் பருப்பு வேகவைத்த புழுக்கைத் தருவதாக வருகிறது. தானியத்தோடு பயறு என்ற சேர்க்கை தொண்டை நாட்டில் அவ்வளவு பழையது.

அந்தச் சேர்க்கையில் நல்ல காரணமும் உண்டு. காய்ந்த பயறில் நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு புரதம். அரிசி, கேழ்வரகுப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற சத்து பயறில் நிறைய இருக்கிறது. பயறில் குறைவாக உள்ள மெத்தியோனின் தானியத்தில் இருக்கிறது. களியும் காராமணிக் குழம்பும் ஒன்றுக்கொன்று குறையை நிரப்புகின்றன.

வேகாததில் இரண்டு வகை

"வேகலை" என்று ஒரே சொல்லில் சொல்கிறோம். அதற்குள் இரண்டு வேறு கோளாறு இருக்கிறது. எது என்று தெரிந்தால்தான் வைத்தியம் சரியாக அமையும்.

முதல் வகை கல் பயறு. இரவு முழுக்க ஊறவைத்தும் காலையில் சில மணிகள் மட்டும் உப்பாமல், போட்டபடியே கல்லுக்கல்லாகக் கிடக்கும். இதில் தோல் தண்ணீரை உள்ளே விடுவதில்லை. விதை தன்னைக் காத்துக்கொள்ளும் இயல்பு இது. பல நாட்டு ரகங்களில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அளவுக்கு மீறிக் காய்ந்தாலும் கூடும்.

இரண்டாம் வகை பழம்பயறு. நன்றாக ஊறும், உப்பும். ஆனால் மணிக்கணக்கில் கொதித்தாலும் நசுங்காது, நடுவில் மாவு போல நிற்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த பயறுக்கு இப்படி ஆகிறது. பயறின் நுண்ணறைகளை ஒன்றோடொன்று ஒட்டிவைப்பது பெக்டின் என்ற பொருள். செங்கல்லுக்கு நடுவில் சாந்து இருப்பது போல. வேகும்போது இந்தச் சாந்து இளகினால் பயறு மெத்தென்று ஆகும். புழுக்கமான இடத்தில் கிடக்கும் பயறுக்குள் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் விடுபட்டு இந்தச் சாந்தோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகின்றன. அப்புறம் அடுப்பு என்ன செய்யும்?

பழம்பயறைக் கண்டுபிடிக்க உழவருக்குத் தெரிந்த சோதனையே போதும். நூறு மணியை எடுத்து ஈரத்துணியில் முடிந்து மூன்று நாள் வையுங்கள். முளைப்பு வெகுவாகக் குறைந்த பழைய பயறு பெரும்பாலும் வேகவும் மறுக்கும். விதையைக் கெடுக்கிற அதே வெப்பமும் ஈரமும்தான் சமையலையும் கெடுக்கிறது.

களத்தில் செய்ய வேண்டியது

நெற்று பழுக்கப் பழுக்கப் பறிக்க வேண்டும். எல்லாம் காயட்டும் என்று செடியிலேயே விட்டால் வெயிலிலும் பனியிலும் மாறி மாறி நனைந்து காய்ந்து, வயலிலேயே பயறு பழசாகத் தொடங்கிவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. பயறு வண்டு வயலிலேயே நெற்றின்மேல் முட்டை வைக்கும். மூட்டையில் வண்டு "தானாக" வருவதில்லை, நாம்தான் வயலிலிருந்து கொண்டு வருகிறோம்.

காயவைக்கும்போது மெல்லிய பரப்பாகப் பரப்பி, மணிக்கு ஒரு தடவை காலால் கிளறிவிட வேண்டும். ஈரம் நூற்றுக்கு 8 முதல் 10 பங்குக்கு இறங்குவது சேமிப்புக்கு நல்லது. கருவி இல்லாதவருக்குப் பல் இருக்கிறது. கடித்தால் நசுங்காமல் 'டக்'கென்று இரண்டாக உடைய வேண்டும்.

அடுத்த படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறோம். களத்திலிருந்து சூட்டோடு அள்ளி மூட்டை கட்டக் கூடாது. சுடச்சுடக் கட்டினால் உள்ளே வியர்க்கும். வெப்பமும் ஈரமும் ஒன்றாகச் சேர்வதற்கு நாமே வழி செய்தது போல ஆகும். "ஆறவச்சுக் கட்டு" என்பார்கள் பெரியவர்கள். சாயங்காலம் நிழலில் கொட்டி, முழுக்க ஆறிய பிறகு கட்டுங்கள்.

வைக்கும் இடம் தகரக் கொட்டகையாக, ஆஸ்பெஸ்டாஸ் கூரையாக இருந்தால் சித்திரை வெயிலில் பயறு உள்ளேயே வெந்துவிடும். சிமெண்டுத் தரையில் நேராக வைத்தால் கீழிருந்து ஈரம் ஏறும். ஓட்டு வீட்டு உள்ளறை, பலகை அல்லது வைக்கோல் மெத்தை, காற்றுப் புகாத மண்பானை அல்லது மூடியுள்ள டின். இவ்வளவு போதும்.

அமாவாசைக்கு அமாவாசை தானியத்தை வெயிலில் உலர்த்தும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது. பயறு வண்டு முட்டையிலிருந்து வண்டாக நம் ஊர் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்று நான்கு வாரம் ஆகும். மாதம் ஒரு முறை வெயிலில் போட்டால் ஒவ்வொரு தலைமுறையும் பெருகுவதற்கு முன்பே அடி வாங்கும். நாள் மறக்காமல் இருக்க அமாவாசை. கணக்கு என்னவோ வண்டுக் கணக்கு.

உணவுக்கு வைக்கும் பயறில் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி விளக்கெண்ணெய் விட்டு நன்றாகப் புரட்டி வைக்கலாம். எண்ணெய்ப் பூச்சில் முட்டை பொரிவது குறையும். சமைக்கும் முன் கழுவிவிடுங்கள். விதைப்பயறுக்கு வேப்பெண்ணெயோ, சலித்த சாம்பலோ போதும். விதைப்பானையும் சமையல் பானையும் வேறு வேறாக இருக்கட்டும்.

துவரைக்குச் செம்மண் கட்டுவது நமக்குத் தெரிந்ததே. முழுத்துவரையை ஊறவைத்து வடித்து, செம்மண் குழம்பில் புரட்டி, குவித்து ஓர் இரவு வைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, மண்ணைச் சலித்துவிட்டுத் திருகையில் உடைப்பது. இதில் இரண்டு ஆதாயம். தோல் சுலபமாகக் கழன்று பருப்பு சீக்கிரம் வேகும். பயறு வண்டு முழு மணியில்தான் நன்றாகப் பெருகும் என்பதால் உடைத்த பருப்பில் அதன் தொல்லை குறையும்.

தண்ணீரைப் பாருங்கள்

உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றால் குடவோலைத் தேர்தலைத்தான் சொல்வோம். முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921 ஆம் ஆண்டுகளின் அந்தக் கல்வெட்டுகளில் ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் வருகின்றன. ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனிக்குழு வைத்திருந்த ஊர் இது. இன்று பல வீடுகளில் சமையலுக்கு வருவது போர்வெல் தண்ணீர். பயறு வேகாததற்கு அதுவும் ஒரு பெரிய காரணம்.

ஆழத்துத் தண்ணீரில் சுண்ணாம்பும் மக்னீசியமும் கூடுதலாக இருந்தால் அதை உப்புத் தண்ணி, சப்பைத் தண்ணி என்கிறோம். பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும், சோப்பு நுரைக்காது. அந்தத் தண்ணீரில் பயறை வேகவைத்தால், முன்பு சொன்ன சாந்து வெளியிலிருந்தும் இறுகும். புதுப் பயறுகூட வேக மறுக்கும். மழைத் தண்ணீரில் இந்தத் தொல்லை இல்லை.

வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003 இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. பெரும்பாலான வீடுகளில் குழாயை மண்ணுக்குள் விட்டோம். நிலத்துக்கு நல்லதுதான். அதோடு சமையலுக்கென்று மூடியுள்ள ஒரு டிரம்மும் வையுங்கள். முதல் மழையில் கூரை கழுவிப் போகட்டும். அடுத்த மழையில் துணி கட்டிப் பிடித்த தண்ணீரைப் பயறு வேகவைக்க மட்டும் எடுத்துக்கொண்டால் பல நாளைக்கு வரும்.

ஊறவைக்கும் கணக்கு

காய்ந்த பயறு ஊறி முடியும்போது ஏறத்தாழ தன் எடையளவு தண்ணீரை இழுக்கும். ஆகவே ஒரு பங்கு பயறுக்கு மூன்று பங்கு தண்ணீர் வையுங்கள்.

மொச்சை: 10 முதல் 12 மணி நேரம், நடுவில் ஒரு முறை தண்ணீர் மாற்றி.
கொள்ளு, கொண்டைக்கடலை: 8 முதல் 10 மணி நேரம்.
காராமணி: 5, 6 மணி நேரம். வறுத்தால் ஊறவைக்காமலும் வேகவைக்கலாம்.
பச்சைப்பயறு: ஊறாமலே வேகும். 3, 4 மணி நேரம் ஊறினால் விறகு மிச்சம்.

கோடையில் இரவு முழுக்க வைத்தால் புளித்து நுரைக்கும். நேரத்தைக் குறைத்து, நடுவில் தண்ணீர் மாற்றுங்கள்.

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். வயிற்றில் வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பங்கு அதில் கரைந்து போய்விடும். "மொச்சை சாப்பிட்டா வாயு" என்று ஒதுக்குபவர்கள் இரண்டு முறை தண்ணீர் மாற்றிப் பாருங்கள். கொட்டும் தண்ணீர் வீண் இல்லை, கீரைப் பாத்திக்குப் போகட்டும். முளைகட்டினால் இன்னும் சுலபமாகச் செரிக்கும், இரும்புச் சத்து உடம்பில் சேர்வதும் கூடும்.

தண்ணீர் சப்பையாக இருந்தால் லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி கல்லுப்பு போட்டு ஊறவையுங்கள். உப்பு போட்டால் பயறு கட்டியாகும் என்பார்கள். ஊறும்போது போடும் உப்பு அப்படிச் செய்வதில்லை. தோலில் இருக்கும் சுண்ணாம்பின் இடத்தை உப்பு பிடித்துக்கொண்டு தோலை இளக்கும். ஊறியதும் கொட்டி, நன்றாகக் கழுவிவிட்டு அடுப்பேற்றுங்கள்.

கல் பயறுக்கு வழி வறுப்புதான். காராமணியை, பச்சைப்பயறை வெறும் சட்டியில் வாசம் வரும் வரை வறுத்து வேகவைக்கும் வழக்கம் மணத்துக்கு மட்டும் வந்ததில்லை. சூட்டில் தோல் நுண்ணிதாக வெடித்துத் தண்ணீருக்கு வழி விடும். ஊறிய பிறகும் உப்பாமல் கிடக்கும் மணிகளைப் பொறுக்கி எடுத்துக் காயவைத்து, வறுத்து, அடை மாவுக்குச் சேர்த்துவிடுங்கள்.

அடுப்பில்

"பயறு வெந்த பிறகுதான் புளி ஊத்தணும்." இதை மீறவே கூடாது. புளிப்பு அந்தச் சாந்தை இளகவிடாது. புளி மட்டும் இல்லை, தக்காளி, மாங்காய், மோர் எல்லாமே பயறு நசுங்கும் பதத்துக்கு வந்த பிறகுதான்.

தண்ணீர் வற்றினால் சுடுதண்ணீர்தான் விட வேண்டும். பச்சைத் தண்ணீர் விட்டால் கொதி அடங்கி நேரம் நீளும். சில வீடுகளில் சட்டியை மூடும் தட்டிலேயே தண்ணீர் ஊற்றிவைப்பார்கள். அடுப்புச் சூட்டிலேயே அது காய்ந்துகொண்டிருக்கும், வேண்டும்போது அப்படியே சாய்த்துக்கொள்ளலாம்.

ஆப்பசோடா போட்டால் சீக்கிரம் வேகும், உண்மை. ஆனால் பி1 உயிர்ச்சத்து அழியும், பயறு கூழாகி வழவழக்கும். பானையும் தண்ணீரும் சரியாக இருந்தால் சோடாவுக்கு வேலை இல்லை.

ராஜ்மா வாங்கிச் சமைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சிவப்பு ராஜ்மாவில் அரைவேக்காட்டில் வாந்தியும் பேதியும் தரும் நச்சு உண்டு. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்த பிறகே தணலில் விட வேண்டும். மொச்சையையும் அரைவேக்காடாகச் சாப்பிட வேண்டாம்.

மூன்று பக்குவம்

காராமணிக் கத்தரிக்காய்க் குழம்பு: ஒரு ஆழாக்குக் காராமணியைச் சிவக்க வறுத்து, நாலு ஆழாக்கு கொதிக்கும் தண்ணீரில் போட்டு மூடி வேகவிடவும். விரலால் நசுங்கும்போது நாட்டுக் கத்தரிக்காய் சேர்க்கவும். காய் பாதி வெந்ததும் மிளகாய்த்தூள், மல்லித்தூள், உப்பு. கடைசியில் எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டு, கடுகு, பூண்டு, கறிவேப்பிலை தாளிக்கவும். கேழ்வரகுக் களிக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது.

கொள்ளுக் கடையலும் ரசமும்: ஊறிய கொள்ளு ஒரு ஆழாக்கு, தண்ணீர் ஆறு ஆழாக்கு. குழைய வேகவைத்துத் தண்ணீரை வடிக்கவும். வடித்த தண்ணீரில் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு, புளி கரைத்து ஊற்றினால் ரசம். கொள்ளை வதக்கிய சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், சீரகம், உப்போடு மத்தால் கடைந்தால் சோற்றுக்குக் கடையல். ஒரு அடுப்பு, இரண்டு குழம்பு.

பிதுக்குப்பருப்பு: காய்ந்த மொச்சையை 12 மணி நேரம் ஊறவைத்து, கழுவி, ஒவ்வொன்றாக விரலால் பிதுக்கித் தோலை நீக்கவும். வீட்டில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்தால் அரை மணி வேலை. தோல் போன பருப்பு சீக்கிரம் வேகும், கவனிக்காவிட்டால் கரைந்துவிடும். தேங்காய், சோம்பு, சின்ன வெங்காயம், மிளகாய் அரைத்து ஊற்றி, தக்காளியைப் பருப்பு வெந்த பிறகு வதக்கிச் சேர்க்கவும். மொச்சை செரிக்காத வயதானவர்களுக்கும் இது ஒத்துக்கொள்ளும்.

விற்கும் முன் ஒரு சோதனை

ஒவ்வொரு மூட்டைக்கும் இதைச் செய்து நோட்டில் எழுதுங்கள்.

1. நூறு மணியை எண்ணி மழைத் தண்ணீரில் இரவு ஊறவையுங்கள். காலையில் உப்பாதவற்றை எண்ணுங்கள். அதுதான் கல் பயறு கணக்கு.
2. மணியின் மேல் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா பாருங்கள். அது வண்டு முட்டை. இருந்தால் அந்த மூட்டை மறுபடி வெயிலுக்குப் போக வேண்டும், பையில் அடைக்கக் கூடாது.
3. ஒரு கைப்பிடியை மழைத் தண்ணீரிலும், ஒரு கைப்பிடியை வீட்டுப் போர்வெல் தண்ணீரிலும் ஊறவைத்துத் தனித்தனிச் சட்டியில், ஒரே அளவு தீயில் வேகவையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பத்து மணிகளை நசுக்கிப் பார்த்து நேரத்தைக் குறித்துவையுங்கள். மழைத் தண்ணீரில் வெந்து போர்வெல்லில் வேகவில்லை என்றால் குறை தண்ணீரில். இரண்டிலும் வேகவில்லை என்றால் குறை சேமிப்பில்.

விற்கும் பையின் மேல் அறுவடை மாதம், ஊறவைக்க வேண்டிய நேரம், "வெந்த பிறகு புளி", "வந்ததும் ஒரு நாள் வெயிலில் வையுங்கள்" என்ற நாலு வரியை எழுதிக் கொடுங்கள். நகரத்துச் சமையலறையில் இதைச் சொல்ல இன்று ஆள் இல்லை. சொல்லிக் கொடுத்தவரிடம்தான் மறுபடி வந்து வாங்குவார்கள்.

முதலில் நம் பானைக்கு

அறுவடைச் சமயத்தில் மொத்தப் பயறையும் வியாபாரிக்கு அளந்துவிட்டு, ஆறாம் மாதம் பாக்கெட் பருப்பு வாங்கும் இயற்கை உழவர்கள் நம்மில் நிறையப் பேர். விற்றது என்ன விலை, வாங்கியது என்ன விலை என்று ஒரு வருடம் எழுதிப் பாருங்கள்.

வீட்டுக்கு எவ்வளவு வேண்டும்? நாளுக்கு 150 கிராம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 55 கிலோ. ஏக்கருக்கு 200 முதல் 250 கிலோ எடுப்பவருக்குக் கால் ஏக்கரும் கொஞ்சம் வரப்பும் போதும். மானாவாரியில் கலந்து விதைப்பவர்கள் காராமணி, துவரை, மொச்சை, கொள்ளு என்று பங்கு போட்டுக்கொண்டால் ஒவ்வொன்றும் வேறு வேறு மாதத்தில் வீடு வந்து சேரும். எதுவும் ஒரு வருடத்துக்கு மேல் பழசாகாது. பழசாகாத பயறு வேகும், வேர் முடிச்சு நிலத்துக்குத் தழைச்சத்து தரும், பொட்டு ஆட்டுக்குப் போகும்.

வரும் ஆடிப்பட்டத்தில் விதைக்கும் முன், பானையில் இருக்கும் பயறை எடுத்து மேலே சொன்ன மூன்று சோதனையையும் செய்து பாருங்கள். உங்கள் ஊர்த் தண்ணீரில், உங்கள் ரகம் எத்தனை நிமிடத்தில் வெந்தது என்ற கணக்கை அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். சமைப்பவர்களையும் கூடவே அழைத்து வாருங்கள். எந்த ரகம் எப்படி வேகும் என்று நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். விதை ரகத்தைத் தேர்வு செய்யும்போது அவர்கள் சொல்வதையும் கேட்டு முடிவெடுப்போம்.